வானிலிருந்து குதிப்பவர் கண்ணுக்கு எது கவசம்? ஒரு சிறு வரலாறு



துபாயில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "டீச்சர், அடுத்த மாசம் ஸ்கைடைவிங் போறேன். எனக்குப் பவர் கண்ணாடி. அதோட குதிக்கலாமா, இல்ல கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கணுமா? எந்த காகிள்ஸ் நல்லது?" பிள்ளைச்சாவடிக் கரையில் அலையைப் பார்த்தே காலம் தள்ளியவளிடம் ஆகாயத்திலிருந்து குதிப்பதைப் பற்றிக் கேட்கிறாளே என்று சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாப் பாடத்தையும் நடத்தியவர்களிடம் பிள்ளைகள் எதைத்தான் கேட்காமல் விட்டார்கள்? படித்துப் பார்த்தேன். படித்ததை அவளுக்கு மட்டும் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலிலேயே சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆகாயத்தில் மனிதனின் கண்ணுக்கு எதிரி காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் எண்ணெய், ஒரு காலத்தில் சில்லு, பிறகு காற்று, பிறகு பனிமூட்டம். எதிரி மாறியபோதெல்லாம் கண்ணாடியும் மாறியது. நமக்கு எதிரி யார் என்று தெரிந்துகொண்டால், கடையில் எதை எடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்த மாதிரி.

மெதுவாக இறங்கிய காலம்

பாராசூட் என்பது பிரெஞ்சுச் சொல். நம் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். 'பாரா' என்றால் தடுப்பது, 'ஷூட்' என்றால் விழுவது. வெயிலைத் தடுப்பது பாராசோல், மழையைத் தடுப்பது பாராப்ளூயி, விழுவதைத் தடுப்பது பாராசூட். 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸ் நகரின் மான்சோ பூங்காவுக்கு மேலே, பலூனில் உயரப் போய், ஒரு பெரிய துணிக்குடையின் கீழே தொங்கிய கூடையில் இறங்கினார் ஆந்த்ரே ழாக் கார்னெரேன். கூடை ஊஞ்சல் மாதிரி பயங்கரமாக ஆடியதாம். ஆனால் வேகம் குறைவு.

நம் நாட்டில் இந்த வித்தையை முதலில் செய்தவர் வங்காளத்தின் ராம்சந்திர சட்டர்ஜி. உடற்பயிற்சி வித்தைக்காரர். ஆங்கிலேயரான பெர்சிவல் ஸ்பென்சரிடம் கற்று, 1889-இல் கல்கத்தாவில் தனியாகப் பலூனில் பறந்தார். 1890-இல் பாராசூட்டில் இறங்கினார். இவர்களுக்கெல்லாம் பலூனை விட்டுப் பிரிந்த கொஞ்ச நேரத்திலேயே குடை விரிந்துவிடும். பிறகு மெதுவாக மிதந்து வருவதுதான். கை கால் பத்திரமா என்பதுதான் கவலை. கண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய வேகம் அதில் இல்லை.

விளக்கெண்ணெய் தெறித்த காலம்

கண்ணுக்குக் கவசம் வேண்டும் என்ற எண்ணம் குதித்தவர்களிடம் பிறக்கவில்லை. விமானம் ஓட்டியவர்களிடம் பிறந்தது.

1910 மார்ச்சில் சென்னைத் தீவுத்திடலில் மக்கள் பணம் கொடுத்து ஒரு விமானத்தை வேடிக்கை பார்த்தார்கள். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்பவர் சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டிய விமானம் அது. அந்தக் கால விமானங்களில் விமானியை மூடிக் காக்கும் அறை கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து வீதியில் போவது போல, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு பறக்க வேண்டும்.

அதே காலத்தில் பிரான்சில் 'நோம்' என்ற சுழல் எஞ்சின் வந்தது. அதற்கு உயவு எண்ணெய் என்ன தெரியுமா? நம் விளக்கெண்ணெய்தான். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் ஆமணக்கெண்ணெயைத் தேர்ந்தெடுத்தார்கள். எஞ்சின் சுழலச் சுழல, எரியாத எண்ணெய் புகையோடு சேர்ந்து விமானியின் முகத்தில் தெளித்தது. விளக்கெண்ணெய் உள்ளே போனால் வயிறு என்ன பாடுபடும் என்று உங்கள் பாட்டிகளுக்குத் தெரியும். முதல் உலகப் போர் விமானிகளுக்கும் அது நன்றாகத் தெரிந்தது. பழைய புகைப்படங்களில் அவர்கள் கழுத்தில் பட்டுத்துணியும் கண்ணில் பெரிய காகிள்ஸும் இருப்பது அழகுக்காக இல்லை. எண்ணெயைத் துடைக்கத் துணி, தடுக்கக் கண்ணாடி.

ஆனால் கண்ணாடி உடைந்தால்? கண்ணைக் காக்க வைத்ததே கண்ணைக் குத்தும். இதற்கும் விடை ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்தே வந்தது. எத்வார் பெனெதிக்தூஸ், ஓவியரும் வேதியியலாளரும் ஆனவர். 1903-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்ததாம். விரிசல் விட்டது, ஆனால் சிதறவில்லை. உள்ளே முன்பு வைத்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து மெல்லிய தோலாக ஒட்டியிருந்ததுதான் காரணம் என்று கதை சொல்வார்கள். அந்த எண்ணத்தை வைத்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மெல்லிய படலத்தை ஒட்டி 'ட்ரிப்ளெக்ஸ்' கண்ணாடியைச் செய்து 1909-இல் காப்புரிமை வாங்கினார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண் பகுதிக்கு இது பயன்பட்டது. இன்று நம் கார்களின் முன்கண்ணாடி உடைந்தாலும் உதிராமல் நிற்பது அந்தக் குடும்பத்து வித்தைதான்.

ஆற்காட்டுப் பெயர் தாங்கிய ஒருவர்

இப்போது நம் பக்கத்துக் கதை. இரண்டாம் உலகப் போரின்போது 1941-இல் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் பாராசூட் படைப்பிரிவை உருவாக்கியது. அந்த ஆண்டில் குதித்த முதல் இந்திய வீரர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் லெப்டினன்ட் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், 152-ஆவது இந்தியப் பாராசூட் பட்டாலியனின் மருத்துவர். ஆமாம் பிள்ளைகளே, ஒரு டாக்டர்!

பிறகு அவரே 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றுக் கொரியப் போருக்குப் போனார். 1951 மார்ச் 23 அன்று முன்சான் என்ற இடத்தில் அமெரிக்க வான்குதிப்புப் படை இறங்கியபோது, இந்த இந்திய மருத்துவப் பிரிவிலிருந்து 12 பேர் கூடவே குதித்துக் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பில் வேலை செய்தார். ஒரு காலத்தில் நம் நாட்டில் எத்தனையோ பேர் பார்வை போகக் காரணமாக இருந்த நோய் பெரியம்மை. அந்த வகையில் அவரும் கண்களைக் காத்தவர்தான்.

ராணுவ வீரர்கள் கூட்டமாகக் குதிக்கும் முறையில், பாராசூட்டின் கயிறு ஒன்று விமானத்தோடு கட்டப்பட்டிருக்கும். ஆள் வெளியே பாய்ந்ததும் கயிறு இழுத்துச் சில நொடிகளில் குடை விரியும். கண்ணில் காற்று அறையும் நேரம் மிகக் குறைவு. ஆகவே அந்தக் குதிப்பைப் பார்த்துவிட்டு, "அவர்களுக்கு இல்லாத கண்ணாடி எனக்கு எதற்கு?" என்று கேட்கக் கூடாது. ஸ்கைடைவிங் வேறு.

காற்றே எதிரியான காலம்

1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் என்பவர் விமானத்திலிருந்து பாய்ந்து, கொஞ்ச தூரம் சும்மா விழுந்து, பிறகு தானே கயிற்றை இழுத்துப் பாராசூட்டை விரித்தார். காற்றில் விழும் மனிதன் மயங்கிவிடுவான், கையை அசைக்க முடியாது என்று பலர் அதுவரை நம்பியிருந்தார்கள். அவர் கணுக்கால் முறிந்ததோடு தப்பினார். இன்றைய ஸ்கைடைவிங்கின் விதை அது.

இன்று சுமார் 13,000 அடியிலிருந்து குதிப்பவர் 50 நொடி அளவுக்குத் தடையின்றி விழுகிறார். வேகம் மணிக்குச் சுமார் 190 முதல் 200 கிலோமீட்டர். ஈசிஆர் ரோட்டில் 60 கிலோமீட்டரில் பைக்கில் போகும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டுகிறதே, மூன்று மடங்கு வேகத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணின் ஈரம் நொடியில் காய்கிறது. காய்ந்த கண் தன்னைக் காத்துக்கொள்ள நீரைச் சுரக்கிறது. அந்த நீரே பார்வையை மறைக்கிறது.

இதில் ஆபத்து எங்கே? கண் எரிச்சலில் இல்லை. தனியாகக் குதிப்பவர் கையில் உயரம் காட்டும் கருவி கட்டியிருக்கும். எந்த உயரத்தில் பாராசூட்டை விரிக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பக்கத்தில் யார் வருகிறார் என்றும் பார்க்க வேண்டும். கண் மங்கினால் அந்த இரண்டும் போயிற்று. ஆகவே ஸ்கைடைவிங்கில் காகிள்ஸ் என்பது அலங்காரப் பொருள் கிடையாது, பாராசூட்டுக்கு அடுத்த உயிர்காக்கும் பொருள்.

இன்னொன்று. வயிறு கீழ்நோக்கி விழும்போது காற்று கன்னத்தில் மோதி மேலே ஏறும். சாதாரணக் கண்ணாடியின் அடிவிளிம்பில் புகுந்து அதைத் தூக்கிவிடும். கூலிங் கிளாஸ் மட்டும் போட்டுக் குதிக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு விமானியின் கண்ணும் உங்கள் பெரியம்மாவின் கண்ணும்

இந்த வரலாற்றில் என்னை நெகிழ வைத்த பகுதி இது. 1940 ஆகஸ்ட். பிரிட்டனின் போர் விமானி கார்டன் கிளீவர் அன்று காகிள்ஸ் அணியாமல் பறந்தார். எதிரியின் குண்டு பட்டு விமானத்தின் மேல்மூடி சிதறியது. அது பெர்ஸ்பெக்ஸ் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். சில்லுகள் இரண்டு கண்ணிலும் பாய்ந்தன. பார்வை தெரியாத நிலையிலேயே பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். வலது கண் போயிற்று.

அவரைப் போன்றோரைக் கவனித்த டாக்டர் ஹெரால்ட் ரிட்லி ஒன்றைப் பார்த்தார். கண்ணுக்குள் தங்கிய அந்தப் பிளாஸ்டிக் துண்டுகளை உடல் எதிர்க்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. அப்படியானால் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைக்கலாமே? 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் முறையாக வைத்தார். கண்புரை ஆபரேஷனில் லென்ஸ் வைப்பது அப்படித் தொடங்கியது.

அது பணக்கார நாடுகளோடு நிற்காமல் நம் ஊர்வரை வந்ததற்குக் காரணம் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பெயரில் இருப்பவர் நம் புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தர். 1992-இல் ஆரோலேப் தொடங்கி, லென்ஸை மதுரையிலேயே குறைந்த விலையில் செய்தார்கள். தவளக்குப்பத்து அரவிந்தில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்து, "இப்போ ஊசியில நூல் கோக்குறேன்" என்று சொல்லும் பெரியம்மாக்கள் நம் சொந்தத்திலேயே எத்தனை பேர்! காகிள்ஸ் அணியாத ஒரு விமானி இழந்த பார்வையில் இந்தக் கதை தொடங்கியது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கண்ணாடி, பிளாஸ்டிக், பனிமூட்டம்

1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே பாலிகார்பனேட்டைக் கண்டார்கள். லேசானது, அடித்தாலும் எளிதில் சிதறாது. நிலவுக்குப் போன அப்போலோ வீரர்களின் உருண்டைத் தலைக்கவசம் இதில்தான் செய்யப்பட்டது. இன்றைய நல்ல ஸ்கைடைவிங் காகிள்ஸும் இதே பொருள். ஒரு குறை உண்டு, எளிதில் கீறல் விழும்.

சில்லுக்கு விடை கிடைத்ததும் அடுத்த எதிரி வந்தது, பனிமூட்டம். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். 13,000 அடி என்பது கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர். கணக்குப் போடுங்கள், தரையில் 32 டிகிரி என்றால் மேலே 6 டிகிரி. குளிர்ந்த லென்ஸில் சூடான மூச்சுப் பட்டால் மங்கும். 2012 அக்டோபர் 14 அன்று 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்த ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர்கூட, மேலே ஏறும்போது முகக்கண்ணாடி மங்குகிறது என்று கவலைப்பட்டார். அத்தனை செலவும் விஞ்ஞானிகளும் இருந்த இடத்திலேயே அந்த நிலை!

நம் நாட்டுப் பெண்களையும் சொல்ல வேண்டும். ரேச்சல் தாமஸ் 1979-இல் முதன்முதலாகக் குதித்தார். 2002-இல் வடதுருவத்தில் குதித்தார். ஷீத்தல் மகாஜன் 2004-இல் வடதுருவத்தில் மைனஸ் 37 டிகிரி குளிரில் குதித்தார். அதுதான் அவர் வாழ்க்கையின் முதல் குதிப்பே! அந்தக் குளிரில் மூடாத கண் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

வரலாறு சொல்லிக்கொடுத்ததை வரிசையாக எழுதுகிறேன். கேட்ட பிள்ளை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

1. காற்று புகக் கூடாது. விளிம்பு முழுக்க மென்மையான ரப்பரோ பஞ்சோ முகத்தில் படிய வேண்டும். போட்டுக்கொண்டு குனியுங்கள், நிமிருங்கள், தலையை ஆட்டுங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். கன்னத்துக்கும் காகிள்ஸுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அது வேண்டாம்.

2. லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். உடையும் கண்ணாடி வேண்டவே வேண்டாம்.

3. மூட்டம் போட்டுவிடாமல் சிறு காற்றுத் துளைகளோ, மூட்டம் பிடிக்காத பூச்சோ இருக்க வேண்டும்.

4. முதல் முறை குதிப்பவர் நிறமில்லாத லென்ஸை எடுங்கள். மேகம் மூடினாலும் சாயங்காலம் ஆனாலும் உதவும். போலரைஸ்டு லென்ஸில் டிஜிட்டல் திரை சில கோணங்களில் கறுப்பாகத் தெரியும், உயரம் காட்டும் கருவியைப் படிக்க முடியாமல் போகலாம்.

5. பக்கவாட்டுப் பார்வை மறையக் கூடாது. நீச்சல் காகிள்ஸ் இதில் தோற்றுப்போகும்.

6. பவர் கண்ணாடிக்காரர்களுக்கு, கண்ணாடியின் மேலேயே மாட்டும் பெரிய காகிள்ஸ் உண்டு. குதிக்கும் இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் லென்ஸாக இருக்கட்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டால் காகிள்ஸ் இறுக்கமாக மூடியிருப்பது இன்னும் முக்கியம், இல்லாவிட்டால் லென்ஸ் காய்ந்து வெளியே போய்விடும். பையில் ஒரு மாற்று இருக்கட்டும்.

7. பட்டை இறுக்கமாக இருக்கட்டும், ஆனால் தலைவலி வரும் அளவுக்கு வேண்டாம். லென்ஸைப் புடவைத் தலைப்பிலோ சட்டை நுனியிலோ துடைக்காதீர்கள். தண்ணீரில் அலசி மென்துணியில் ஒற்றுங்கள். கீறிப்போன காகிள்ஸை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் முதல் குதிப்பில் காகிள்ஸ் அவர்களே தருவார்கள். பெரும்பாலும் நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. தந்ததைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்வதுதான் உங்கள் வேலை. விமானத்தில் ஏறிய பிறகு சொல்லிப் பயனில்லை.

கடைசியாக, இது விளையாட்டில்லை. கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள், லேசர் செய்தவர்கள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் குதிக்கக் கூடாது. விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால், அது கரையும்வரை உயரத்துக்கே போகக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து பார்வையையே பறித்துவிடும். சாதாரண விமானப் பயணத்துக்கும் இதே விதிதான்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் குதிக்கப் போவதில்லை. ஆனாலும் காற்று எல்லாருடைய கண்ணிலும்தான் அடிக்கிறது. நம் ஊர்ப் படகுக்காரர்கள் வாழ்நாளெல்லாம் உப்புக்காற்றிலும் வெயிலிலும் போகிறவர்கள். கண்ணின் வெள்ளையில் சதை வளர்வது இப்படி வெயிலிலும் காற்றிலும் உழைப்பவர்களுக்குத்தான் அதிகம். விளிம்புள்ள தொப்பியும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் படகில் வலையோடு இருக்க வேண்டிய பொருள்கள். உங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் இருந்தால் இந்தத் தீபாவளிக்குச் சட்டையோடு சேர்த்து ஒரு கண்ணாடியும் எடுத்துக் கொடுங்கள். பைக் ஓட்டும் பிள்ளைகள் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.

உங்களில் யாராவது ஏற்கெனவே குதித்திருந்தால், மேலே கண்ணுக்கு எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். ராணுவத்தில் இருக்கும் பிள்ளைகள் கட்டாயம் எழுத வேண்டும். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
பிள்ளைச்சாவடி